பதினான்காவது படம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அன்றைக்கு நான் வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் தயிரைத் தொடவில்லை.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. இருட்டு இல்லை. கரண்ட் போகவில்லை. பட்டப்பகல், மதியம் மூன்று மணி. நேரமெல்லாம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கே இருந்த நேரம் முழுவதும் போனில் பேசிப் பதிவு செய்துகொண்டே இருந்தேன்.

என் பெயர் சுப்ரஜா. சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. இன்னொரு சின்ன வேலையும் செய்வேன். ஓவியக் கண்காட்சிகளில் படத்துக்குக் கீழே ஓர் அட்டையில் ஆறேழு வரி எழுதி ஒட்டியிருப்பார்களே, அதை எழுதிக் கொடுப்பேன். நவீன ஓவியத்துக்கு முன்னால் நின்று, "இது மனுஷனா, மரமா?" என்று முழிக்கிறவர்களுக்கு அந்த அட்டைதான் துணை.

எனக்கு அதில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்தவுடன் அர்த்தம் தேட மாட்டேன். வடிவத்தை மட்டும் பார்ப்பேன். கனம் எங்கே இருக்கிறது, கோடு எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது, எந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வேன். பெரும்பாலும் அர்த்தம் தானாக வந்துவிடும். வராவிட்டால் நானே ஒன்றை வரவழைத்துவிடுவேன். எந்தப் படத்துக்கும் என்னால் அர்த்தம் சொல்ல முடியும் என்ற திமிர் அப்போது எனக்கு இருந்தது.

ஜெயக்கொடி அக்கா எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஐம்பது வயது இருக்கும். அவருடைய கணவர் அச்சுதன் ஓவியர். பெரிய பெயர் இல்லை, ஆனால் நல்ல கை. உடம்பு முடியாமல் அந்த வருடம் ஜூன் மாதம் இறந்துபோனார். டிசம்பரில் அவருடைய படங்களை வைத்து கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலில் கண்காட்சி நடத்த அக்கா ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பெருங்களத்தூரில் அவர்கள் ஃபிளாட்டில் இருந்த பதிமூன்று படங்களுக்கும் நான் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அக்கா போனை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொண்ணு இருக்கு சுப்ரஜா. அனகாபுத்தூர் ரூம்ல."

அச்சுதன் படம் வரைவதற்கென்று அனகாபுத்தூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே எடுத்த போட்டோ. கை நடுங்கி எடுத்தது போலக் கலங்கலாக இருந்தது. மஞ்சளும் பழுப்புமாக ஓர் உருவம். நடுவில் பெரிய வளைவு.

"பொம்பளை மாதிரி தெரியுதுக்கா."

"நானா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துல அவர் என்னை ஒரு தடவகூட வரைஞ்சதில்ல. எதிர்வீட்டு நாயை ஆறு தடவ வரைஞ்சிருக்கார்."

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. "நேர்ல பார்த்தாதான்க்கா சொல்ல முடியும்" என்றேன்.

"போய்ப் பாரு. நான் வரல. நான் பக்கத்துல இருந்தா, நான் நெனைக்கறதுதான் உனக்கும் தெரியும்."

சாவியை என் கையில் வைத்தார்.

சனிக்கிழமை ஸ்கூட்டியில் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் வரை, அங்கிருந்து பம்மல் வழியாக உள்ளே. அனகாபுத்தூர் சந்துகளில் முந்தைய நாள் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. வீடு அடையாற்றின் பக்கம், சந்தின் கடைசியில். கீழே வீட்டுக்காரர் ரத்தினம் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கேன் தண்ணீர் போடுவதுதான் அவர் தொழில். வாசலில் ஒரு பழைய டெம்போ.

"படம் பாக்க வந்த டீச்சரா? அந்தம்மா போன் பண்ணாங்க. மேல போ. ஜன்னலை மட்டும் தொறந்து வெச்சுக்கோ."

"ஏன்?"

"தொறந்து வெச்சுக்கோ, அவ்ளோதான்."

3:04. கதவைத் திறந்தேன்.

முதலில் வந்தது வாசனை. செத்த எலியின் நாற்றம் இல்லை. பழகிய நாற்றமாக இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பேன். இதில் ஒரு இனிப்பு இருந்தது. திரிந்துபோன பாலும், வெயிலே படாத ஈரத் துணியும், அதற்குக் கீழே வெல்லம் போல ஏதோ ஒன்றும். மூக்கில் நிற்காமல் நேராக நாக்கில் போய் உட்கார்ந்தது.

ஜன்னலைத் திறந்தேன். ஆற்றுக் காற்று வந்தது. ஆற்றின் சாக்கடை வாசனை அதைவிடத் தேவலை.

சின்ன அறை. மேசையில் காய்ந்து விறைத்த தூரிகைகள். மூடி திருகிய பெயின்ட் ட்யூப்கள், எல்லாவற்றின் மேலும் தூசி. படம் வைக்கும் ஸ்டாண்டில் அந்தப் படம். என் உயரம் இருந்தது.

3:12. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பதிவைத் தொடங்கினேன்.

"நிற்கும் உருவம். ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் சிறிய இறுகிய முடிச்சு. கனம் முழுவதும் வயிற்றில். வயிறு சட்டத்தின் பாதியை எடுத்துக்கொள்கிறது. வலது கை உடலோடு ஒட்டியிருக்கிறது. இடது கை மட்டும் அளவுக்கு மீறி நீளம், முழங்கால் வரை தொங்குகிறது. உருவத்தைச் சுற்றிக் கரும்பச்சை நிழல்."

நல்ல படம். அதைச் சொல்லியே ஆக வேண்டும். கோடு என்று ஒன்று எங்குமே இல்லை. ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் ஊறிப் போயிருந்தது. தூரிகை போன தடம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எப்படிச் செய்தார் என்று வியந்தேன்.

ஈக்கள் இருந்தன. ஏழெட்டு. எல்லாம் வயிற்றின் மேல் மட்டும். கையை வீசினேன். எழுந்து சுற்றிவிட்டு, மறுபடியும் வயிற்றிலேயே வந்து உட்கார்ந்தன.

3:20. அர்த்தத்துக்கு வந்தேன்.

"வயிறு... கருவைச் சொல்கிறது. தாய்மை."

மடக்.

யாரோ ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கியது போல ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. ஆற்றுப் பக்கம் தவளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீண்ட கை, பிள்ளையைத் தேடும் கை. ஏக்கம்."

மடக்.

பேச்சை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்தேன். ஈக்களின் ரீங்காரம் மட்டும்.

"அன்பு" என்றேன். மெதுவாக, சோதித்துப் பார்ப்பதற்காக.

மடக்.

சத்தம் படத்திலிருந்து வந்தது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பயத்தைவிட அருவருப்புதான் வந்தது. அருவருப்பு வந்தால் ஆள் ஓடுவதில்லை. இன்னும் கிட்டே போய்ப் பார்க்கத் தோன்றும். நான் போனேன்.

3:29. தொப்புள் போல ஒரு கரும்புள்ளி இருந்தது. அதிலிருந்து ஒரு துளி கசிந்தது. மஞ்சள். சீழ் போலக் கெட்டி. வயிற்றின் வளைவில் மெதுவாக இறங்கி, கீழே சட்டத்தில் சொட்டியது.

நான்கு மாதமாகக் காயாத பெயின்ட். எண்ணெய் அதிகமாகக் கலந்தால் அப்படி ஆகும். அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயின்ட்தானா என்று பார்க்க, வயிற்றின் ஓரத்தில் விரலை வைத்தேன்.

துணி இல்லை அது.

விரல் உள்ளே போனது. குழைந்த வாழைப்பழத்தில் போவது போல. எடுத்ததும் பள்ளம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல மேலே எழும்பி வந்தது. என் விரலில் பால் ஆடை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதில் ஒரு முடி. குட்டையான, நரைத்த முடி.

வெதுவெதுப்பாக இருந்தது.

துப்பட்டாவில் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் போனது வரவில்லை. வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்தப் புளிப்பு எச்சில்.

3:38. மறுபடி படத்தைப் பார்த்தேன். ஏதோ மாறியிருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. போனில் முதலில் எடுத்த போட்டோவைத் திறந்தேன். அதில் இடது கை முழங்கால் வரை தொங்கியது.

இப்போது சட்டத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது.

என் கையிலிருந்து போன் நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். குனிந்தபடியே, தலைகீழாக, படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த வடிவம் எனக்குப் புரிந்தது.

அது நிற்கவே இல்லை.

படுத்திருந்தது. தரையில், மல்லாந்து. நான் அதை மேலேயிருந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு கர்ப்பம் இல்லை. ஊதியது. 2015 வெள்ளம் வடிந்தபோது முடிச்சூரில் ஒரு எருமையைப் பார்த்திருக்கிறேன். அதே ஊதல், அதே மினுமினுப்பு. சுற்றியிருந்த கரும்பச்சை நிழலும் நிழல் இல்லை. உடம்பிலிருந்து கசிந்து தரையில் பரவிய ஈரம்.

பல நாள் ஆன பிணம்.

தாய்மை என்று சொல்லியிருந்தேன்...

ஏக்கம் என்று...

3:44.

வயிறு இறங்கியது.

மெதுவாக. காற்று போகிற பலூன் போல.

ஹ்ஹ்ஹ்ஹ்...

அந்தக் காற்று என் முகத்தில் அடித்தது. சூடாக.

உதட்டில் ஈரம்.

நாக்கில் இனிப்பு.

ஓடினேன்.

படிக்கட்டிலேயே வாந்தி எடுத்தேன். தயிர்சாதம் முழுவதும். அது முடிந்த பிறகும் விடவில்லை. ரத்தினம் கேன் தண்ணீரோடு மேலே ஏறி வந்தார். முகம் கழுவினேன், வாய் கொப்புளித்தேன், உதட்டைத் தோல் உரியும்வரை தேய்த்தேன். அவர் மேலே போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார்.

"அண்ணா, அச்சுதன் சார் இங்கேயா இறந்தார்?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரில. அங்கேந்து நேரா சுடுகாட்டுக்கு எடுத்துகினு பூட்டாங்க. இந்த ரூம்ல ஒரு பல்லிகூட செத்ததில்ல."

அவர் பொய் சொல்கிறவராகத் தெரியவில்லை.

துப்பட்டாவைப் பம்மலில் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டேன். அன்று மாலை மூன்று முறை குளித்தேன். அந்த ஒரு நகத்தை மட்டும் சதை தெரியும்வரை ஒட்ட வெட்டினேன். ரத்தம் வந்தது. வந்தது நல்லதென்று நினைத்தேன்.

ஞாயிறு காலை 10:15-க்கு ஜெயக்கொடி அக்கா போன் செய்தார்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"என்ன அது?"

பார்த்ததை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கணவர் கடைசியாக வரைந்தது ஓர் அழுகிய பிணம், அது மூச்சு விடுகிறது என்று. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவருடைய குரலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. இருபத்திரண்டு வருடம், எதிர்வீட்டு நாய்... எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்மை. அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"அது நீங்கதான்க்கா."

 மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நிச்சயமா?"

"நிச்சயமா. உக்காந்திருக்கற மாதிரி, நிக்கற மாதிரி... உங்களைத்தான் வரைஞ்சிருக்கார். ஆனா கண்காட்சிக்கு வேணாம்க்கா. பெயின்ட் சரியா காயல."

"சரி. அதை யாருக்கும் காட்ட வேணாம். வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

அப்போதும் தடுத்திருக்கலாம். "நல்லதுக்கா" என்றேன்.

திங்கட்கிழமை சாவியை அவரிடம் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு. செவ்வாயும் புதனும் அவர் வேலைக்கு வரவில்லை. லீவு சொல்லியிருந்தார்.

என் ஹெல்மெட் அந்த மாடி அறையிலேயே கிடந்தது. இன்னொன்று வாங்கிவிடலாமென்றுதான் இருந்தேன். ஆனால் வியாழக்கிழமை ரத்தினமே போன் செய்தார், கீழே எடுத்து வைத்திருப்பதாக. மாலை 5:10-க்குப் போனேன். வாசலில் அவர் டெம்போவின் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பினாயில் நெடி சந்து முழுவதும்.

"படத்தை நம்ம வண்டிலதான் ஏத்திகினு போய்க் குடுத்தேன். திங்கக்கெழம ஏத்துனது. இன்னும் நாத்தம் போவல. பேஜாரா கீது."

"பெயின்ட் காயல அண்ணா. அதான்."

"இன்னா பெயின்ட்டோ. வந்த அன்னிக்கு எவ்ளோ சுத்தமா இருந்துச்சு தெரியுமா? வெள்ளை வெளேர்னு."

ஹெல்மெட்டை வாங்கிய கை அப்படியே நின்றது.

"எப்ப வந்துச்சு?"

"அவரு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ. முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு போல. கடையிலேந்து ஆட்டோல வந்து எறக்கிட்டுப் போனாங்க. நான்தான் மேல தூக்கினு போய், கவரைப் பிரிச்சு, அந்த ஸ்டேண்டுல வெச்சேன். நாலாம் நாளு அவரு பூட்டாரு." டெம்போவின் மேல் ஒரு பக்கெட் தண்ணீரை வீசினார். "அவரு வரையலம்மா. அப்பால யாரு வந்து வரைஞ்சாங்கன்னும் எனக்குத் தெரியாது. சாவி அந்தம்மாகிட்டதான் இருந்துச்சு. வாரா வாரம் ஞாயித்துக்கெழம வந்து, அது எதுர்ல சேரைப் போட்டு உக்காந்துகினு இருப்பாங்க. கையில ஒண்ணும் எடுத்துகினு வந்ததில்ல."

சந்து முனைக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். 5:26. அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"அக்கா, அந்தப் படம் இப்ப எங்க இருக்கு?"

"பெட்ரூம்ல. கட்டிலுக்கு நேரா."

"அதை முதல்ல வெளிய எடுங்க. அந்தக் கேன்வாஸ் அவர் ஆஸ்பத்திரில இருக்கும்போது வந்ததுக்கா. வெறும் வெள்ளையா வந்திருக்கு. அவர் அதுல கையே வைக்கல."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வேறு ஏதாவது கேட்கிறதா என்று நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். எதுவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"காரியம் முடிஞ்சு ரூமைக் காலி பண்ணப் போனேன் இல்ல, அன்னைக்கே பார்த்தேன். வெள்ளைத் துணி. நடுவுல ஒரே ஒரு விரல் மட்டும் இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சேன், போகல. அடுத்த ஞாயித்துக்கெழம போனா அஞ்சு விரல். அதுக்கடுத்த வாரம் மணிக்கட்டு."

அவர் குரல் அமைதியாக இருந்தது. பள்ளி அலுவலகத்தில் பெற்றோர்களுக்குப் பதில் சொல்கிற அதே குரல்.

"நாலு மாசம் சுப்ரஜா. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. யாருகிட்ட சொல்றது? அது யாரு, எதுக்கு வருதுன்னு தெரியாம ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. அதான் உன்னைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அது நான்தான்னு நீ சொன்ன பாரு... அன்னைக்கே பயம் போயிடுச்சு. இப்ப அது பக்கத்துலயே படுத்துக்கறேன்."